கவனிக்கப்படாத புலங்கள்: 61

கொன்ஸ்டன்ஸ். மார்ச். இரவு ஒன்பதே முக்கால்.
ஆய்விதழின் கதவு பன்னிரண்டுக்குச் சாத்தப்படும்.
கட்டுரை முடிந்தது, படங்கள் முடிந்தன,
இருநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள் மட்டும்
வேறு சட்டை மாட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.

ஒரே ஒரு கட்டளை தட்டினேன்.
நாற்பது பேரைக் காணவில்லை.
எண்பத்தெட்டாம் பதிவில்
வாயை மூட மறந்த ஒற்றை வளைவடைப்பு
பின்னால் வந்தவர்களையெல்லாம் விழுங்கிவிட்டு
ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருந்தது.
மூடினேன்.
ஆண்டு, தொகுதி, பக்க எண்ணோடு
நாற்பது பேரும் கசங்காமல் வெளியே வந்தார்கள்.

பிறகு ஏரி சிறுத்துப் போனது.
தலைப்புகளில் இருந்த பெரிய எழுத்துகளைப்
புது வடிவம் சின்னதாக்கிவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே
மூன்று நாட்டுக் கரைகளுக்கிடையே கிடக்கும் அத்தனை தண்ணீரும்
இங்கே வெறும் ஒரு சொல்.
பெரிசு சின்னது பாராத எழுத்தில் படித்தவள் நான்,
எந்த ஏரிக்கும் தலையெழுத்தில் மரியாதை காட்டியதில்லை.
ஆனாலும் பதிவு பதிவாகப் போய்
ஏரியை அடைப்புகளுக்குள் பிடித்து வைத்தேன்,
கரையேறி ஓடிவிடாதபடி.

அடுத்து உல்ரிக்கே ப்ரூக்னரின் புள்ளிகள்.
நம் புள்ளி மெய்யின் தலையில் ஏறி
உயிரை வெளியே அனுப்பிவிடும்.
அவர்களுடையது இரட்டை,
உயிரின் தலையிலேயே உட்கார்ந்து
நாக்கை முன்னே தள்ளும்.
'ஈ' சொல், உதட்டை மட்டும் 'ஊ'வாக்கு என்றாள்
ஆய்வகத்தில் என் முதல் வாரம்.
அன்று முழுக்கக் கொக்குபோல் வாயைக் குவித்துத் திரிந்தேன்.
இப்போது அந்தப் புள்ளிகள் கழன்று
பெயரின் நடுவே மேற்கோள்குறியாய் நிற்கின்றன,
முப்பத்தொரு இடத்தில்.

என் பெயருக்குச் சிக்கலே இல்லை.
எல்லா வடிவத்திலும் ஒரே தவறு.
செல்லப்பாண்டி, க.
திண்டுக்கல் பணிமனையில் ஓய்வுபெற்ற நடத்துநர்,
டயட்டம் என்றால் ஏதோ டயட் என்று நினைக்கும் என் அப்பா,
ஏரிப் பாசிகள் பற்றி நான்கு கட்டுரைகள் எழுதியிருக்கிறார்.
கயற்கண்ணி ஒரு முற்றுப்புள்ளியோடு
அவர் பின்னால் ஒதுங்கி நிற்கிறாள்.

பதினொன்று இருபது. மாற்றி முடிந்து
கடைசியில் ஒரு வரி:
எச்சரிக்கை. கவனிக்கப்படாத புலங்கள் 61.

எந்தப் புலம்?
'குறிப்பு'.
அச்சில் வராதது. யாரும் கேட்காதது.
நான்கு வருடம் நாங்கள் இருவரும்
ஒரே கோப்பில் எழுதிப் போட்டது.

பக்கம் 14, அட்டவணையை நம்பாதே. – உ.
நம்பினேன். அனுபவிக்கிறேன். – க.
படகில் படித்தது. மாதிரிக் குப்பி உடைந்ததற்குக் கட்டுரை பொறுப்பல்ல. – க.
பின்னிணைப்பு நல்ல தூக்க மருந்து. – உ.

நூற்று நாற்பத்து மூன்றில்
நான் பார்த்தேயிராத ஒன்று:
ஸ்கேன் அறை வாசல். எண் 34 கூப்பிடும்வரை. – உ.

தேதி இருந்தது. போன வருடத்துக்கு முந்தைய நவம்பர்.
அஞ்சலில் தேடினேன், தேடியிருக்க வேண்டாம்.
அதே நாள், பகல் இரண்டு மணிக்கு, நான் அவளுக்கு:
படம் 3 ஏன் இன்னும் வரவில்லை?
நான்கு மணிக்கு வந்துவிட்டிருக்கிறது.
அச்சுகளின் பெயர், அளவுகோல், எல்லாம் சரியாக.

அடுத்த கோடையில் ஆய்வை விட்டுவிட்டாள்.
எல்லை தாண்டி விண்டர்தூரில்
காப்பீட்டு நிறுவனத்தில் வேலை.
இங்கே ஆயிரத்தைப் புள்ளி வைத்துப் பிரிப்பார்கள்,
அங்கே தலைக்குமேல் தொங்கும் காற்புள்ளியால்.
அதற்குக்கூட அவள் கை பழகியிருக்கும்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. ஏற்றினேன்.
'212 மேற்கோள்கள், பிழையில்லை' என்றது இதழ்.

பழைய கோப்பை மூடவில்லை.
இன்னும் இருவர் பெயரிலும்தான் இருக்கிறது,
அவள் திறப்பாளா தெரியாது.
நூற்று நாற்பத்து மூன்றுக்குப் போய்
அவள் வரிக்குக் கீழே எழுதினேன்:

படம் 3 அவசரமில்லை. – க.